முட்டை லாரி குலுங்குகிறது

பிப்ரவரி 9, வியாழன்

இன்றைய ஈட்டில் நூறு முட்டைக்கு ஐம்பதுதான் பொரிந்தது. மீதி ஐம்பது ஓட்டுக்குள்ளேயே இருந்துவிட்டன. வெளியே வந்து என்னத்தைக் கண்டோம் என்று நினைத்திருக்கலாம்.

மனைவி இன்குபேட்டர் அறையிலிருந்து வந்து கையுறையைக் கழற்றினாள். ஒவ்வொரு விரலாகக் கழற்றினால் கோபமாக இருக்கிறாள் என்று அர்த்தம்.

"வண்டிதாங்க," என்றாள்.

"மெஷினு," என்றேன்.

மூன்று வியாழக்கிழமையாக இதே வழக்கு. இவ்வளவு சுருக்கமாக நாங்கள் இதற்கு முன் சண்டை போட்டதில்லை. அவள் கட்சி இது: பண்ணையில் ஏற்றும்போது முட்டை நன்றாக இருக்கிறது, பொரிப்பகத்தில் இறக்கும்போது உள்ளே கலங்கியிருக்கிறது, நடுவில் இருப்பது என் லாரி ஒன்றுதான். என் கட்சி: அவளுடைய இன்குபேட்டர் பழையது, அதன் சூடு அதன் இஷ்டம். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்ற பழமொழியை நினைவூட்டினேன்.

"இங்க ஆடறது கூடம்," என்றாள்.

பதில் தோன்றவில்லை. நாளைக்குத் தோன்றும். எப்போதும் நாளைக்குத்தான் தோன்றும்.

பிப்ரவரி 10, வெள்ளி

தோன்றவில்லை. அதற்குள் சகலை வந்துவிட்டார்.

மனைவியின் தங்கை கணவர். என்னைவிட இளையவர், அதை மறக்க விடாதவர். புது வேன் வாங்கியிருக்கிறார். அதில் சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் பட்டைக்குப் பதிலாகக் காற்றுப் பைகள். தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிக் காட்டினார். வேகத்தடை வந்ததும் என் முகத்தைப் பார்த்தார். தலையணைமேல் ஏறி இறங்கியதுபோல் இருந்தது. அதை முகத்தில் காட்டாமலிருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார், வாராவாரம் முட்டையை வேனிலேயே எடுத்துவிடலாம் என்று. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டிரைவருக்கு வெளிய எதுக்குண்ணே அலையணும்? நீங்களே ஓட்டுங்க. உங்களுக்கும் ஒரு வேலை ஆச்சு."

எனக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருப்பதாக நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

மனைவி "பார்க்கலாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல நன்றாகவே தெரிந்தவள். என்னிடம் தினமும் பயிற்சி எடுப்பவள்.

முட்டை போய்விட்டால் லாரிக்கு வேறு பிழைப்பு இல்லை. விற்க வேண்டியதுதான். பிறகு வியாழன்தோறும் காலையில் சகலை வீட்டு வாசலில் நின்று, "சாவி தர்றீங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் பல் விளக்கிவிட்டு வந்து தருவார்.

முடியாது.

பிப்ரவரி 13, திங்கள்

மெக்கானிக்கிடம் போனேன். நாங்கள் அவரை நீதிபதி என்போம். வழக்கைக் கேட்குமுன் தீர்ப்பு எழுதுகிறவர் என்பதால்.

வண்டி இன்னும் பட்டறைக்குள் நுழையவில்லை. "ஷாக் அப்சார்பர் போச்சுண்ணே," என்றார். பார்க்காமலே சொல்கிறாரே என்று கேட்டேன். பார்த்துவிட்டு எவன் வேண்டுமானாலும் சொல்வான் என்றார். தர்க்கத்தில் குறை சொல்ல முடியவில்லை.

நான்கும் புதிது போட்டாயிற்று.

பிப்ரவரி 16, வியாழன்

புது ஷாக் அப்சார்பருடன் முதல் நடை. குலுங்குகிறது.

பண்ணைச் சாலையைச் சாலை என்று பெயர்ப்பலகை சொல்கிறது. போன மழைக்குப் பிறகு அதை மறுக்கச் சாலையிடம் ஆதாரம் நிறைய உண்டு. பின்னால் முட்டை அட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், அரிசியைப் புடைப்பதுபோல், வழி முழுவதும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், பலன் தெரிய மூன்று வாரம் ஆகும். உலகத்தில் மற்றவர்கள் வண்டியின் அதிர்வை ஏதோ ஒரு கருவியால் அளக்கிறார்கள். எனக்கு அளவுகோல் கோழிக்குஞ்சு. அது மூன்று வாரம் யோசித்துவிட்டுத்தான் கருத்துச் சொல்லும். நடுவில் முட்டைக்குப் பின்னால் விளக்கு வைத்துக் கருவைப் பார்க்கலாம் என்றால் ஓடு அடர்ந்த பழுப்பு, ஒன்றும் தெரியாது. உடைத்துப் பார்க்க மனைவி விடமாட்டாள்.

பிப்ரவரி 20, திங்கள்

மூன்று வாரம் காத்திருக்கும் பொறுமை நீதிபதிக்கு இல்லை, எனக்கும் இல்லை. பின்பக்கத்து ஸ்பிரிங் கட்டைப் பிரித்தோம்.

ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பட்டைகள். வில்லாக வளைந்த எஃகு. நீளமானது மேலே, குட்டை கீழே, எல்லாவற்றையும் ஒரே போல்ட்டில் இறுக்கிக் கட்டியிருக்கிறது. கூட்டுக் குடும்பம் மாதிரிதான். ஒன்று அசைந்தால் எல்லாம் உரசும், யாரும் யாரையும் விட்டுப் போகவும் முடியாது. இதில் இரண்டு பட்டைகள் லாரியோடு பிறந்தவை அல்ல. எனக்கு முன்னால் இதை வைத்திருந்த கல்குவாரிக்காரர் கூடுதலாகச் செருகியவை.

துருவைச் சுரண்டி, நடுவில் கிரீஸ் பூசி, மறுபடி கட்டினோம். இத்தனை வருடமாக வண்டி போட்ட முனகல் நின்றது. குலுக்கல் நிற்கவில்லை. முன்பு கத்திக்கொண்டே அடித்தது, இப்போது பேசாமல் அடிக்கிறது. எது மேல் என்று வீட்டில் அனுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

பிப்ரவரி 27, திங்கள்

கல்குவாரிக்காரரின் இரண்டு பட்டைகளையும் கழற்றி எறிந்தோம். நீதிபதி கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே வண்டில கனம் வைக்காதீங்கண்ணே, தாங்காது," என்றார்.

ஆகவே மாற்றுச் சக்கரம், ஜாக்கி, சங்கிலி, இரும்புப் பெட்டி எல்லாவற்றையும் வீட்டில் இறக்கினேன். வாசலில் எதற்குப் பழைய இரும்புக் கடை என்று மனைவி கேட்டாள். வண்டியை லேசாக்குகிறேன் என்றேன். என் தலையும் லேசாகிவிட்டதோ என்று பார்ப்பதுபோல் பார்த்தாள்.

மார்ச் 2, வியாழன்

குலுங்குகிறது.

மார்ச் 9, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

விருந்தாளிகளுக்கென்று வைத்திருந்த மெத்தையை லாரியில் விரித்து, அதன்மேல் முட்டை அட்டைகளை அடுக்கினேன். என் சொந்த யோசனை. அடியில் மெத்தை, மேலே கூரை வரை அட்டை. வண்டி ஒருமுறை குலுங்கினால் மெத்தை நான்குமுறை குலுங்கியது. ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்தது. மெத்தை இனி விருந்தாளிகளுக்கு ஆகாது. விருந்தாளிகள் வராமலிருக்க ஒரு காரணம் கிடைத்தது என்ற அளவில் லாபம்.

வீட்டுக்கு வந்தால், ஷாக் அப்சார்பர் மாற்றி எடுத்துவந்த ஈடு இன்று பொரிந்திருக்கிறது. மறுபடி பாதி.

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க," என்றாள். பொரியாத முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துக் கிண்ணத்தில் ஊற்றினாள். கரு எந்த நாளில் நின்றது என்று அவளுக்குப் பார்த்தால் தெரியும்.

"இது முதல் நாளு. இதும் முதல் நாளு. இது ரெண்டாவது. மெஷின் கோளாறுன்னா முக்காவாசி வளர்ந்தப்புறம் செத்திருக்கும். இதெல்லாம் மெஷினுக்குள்ள போறப்பவே முடிஞ்சுபோன கேசு."

இன்னொன்றை உடைத்தாள். சின்னச் சிவப்பு வளையம், அவ்வளவுதான்.

"இன்னும் எத்தனை உடைக்கணும், சொல்லுங்க."

நான் கத்திவிட்டேன். நான் என்ன வேணும்னா குலுக்கறேன்? ரோடு போட்டது நானா? ராத்திரி பகலா வண்டிக்கு அடியில படுத்துக் கிடக்கறது யாரு? கிரீஸ் மூக்குல ஏறி மூணு நாளாச்சு, காப்பி குடிச்சாலும் கிரீஸ் வாசனை — இதெல்லாம் சொன்னேன். மூக்கைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அவள் கத்தவில்லை. குஞ்சு வாங்குபவர்களில் இரண்டு பேர் வேறிடம் போய்விட்டதைச் சொன்னாள். மூன்றாமவர் இப்போது போன் எடுப்பதில்லை. இந்தப் பொரிப்பகத்தை அவள் ஒற்றை ஆளாகக் கட்டினாள். ஒரு பெட்டி, ஒரு பல்பு என்று ஆரம்பித்தது எனக்குத் தெரியாதா?

"இன்னும் ரெண்டு நடை பாக்கறேங்க. அப்புறம் தங்கச்சி வீட்டு வண்டிதான். நீங்க ஓட்டறதும் ஓட்டாததும் உங்க இஷ்டம்."

மார்ச் 15, புதன்

சகலை போன் செய்தார். மாமியார் தன் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சின்ன மகளோடு இருக்கப் போகிறார். சாமான்களை எடுத்துவர வேண்டும். மாமியார் வீடு பண்ணைக்குச் சற்று அப்பால். நாளைக்கு நான் அந்தப் பக்கம்தானே போகிறேன்?

உங்கள் வேன் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"நம்ம வண்டில பீரோ ஏத்தினா உள்ள எல்லாம் கீறிடும்ணே. உங்க வண்டின்னா அந்தக் கவலையே இல்ல பாருங்க."

இதைப் பாராட்டாகச் சொன்னார் என்பதுதான் கொடுமை.

மார்ச் 16, வியாழன்

இரண்டு இரும்பு பீரோ. ஒரு வாஷிங் மெஷின். காலால் மிதிக்கும் தையல் மெஷின். இரும்புக் கட்டில். சிமெண்ட் தொட்டிகளில் பன்னிரண்டு பூச்செடி. தொட்டியை விட்டுவிட்டுச் செடியை மட்டும் கொண்டுவரலாமே என்றேன். மாமியார் கேட்காததுபோல் இருந்தார்.

கனம் வைக்காதே என்று நீதிபதி சொன்னது காதில் ஒலித்தது. வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்துவிட்டது. மிச்சமிருந்த இடத்தில் பண்ணை முட்டைகளை அடுக்கினேன். இந்த ஈடு செத்த ஈடு என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மாமியார் முன்னால் உட்கார்ந்து வந்தார். வழியெல்லாம் சின்ன மாப்பிள்ளையின் வேனைப் பற்றிப் பேசினார். பாதி வழியில் சொன்னார்: "வண்டி நல்லாத்தானே போகுது மாப்பிள்ளை? இவ எதுக்குக் குறை சொல்றா?"

குத்தல் என்று எடுத்துக்கொண்டேன். கோபத்தில் சாலை எப்படி இருந்தது என்றுகூட நினைவில்லை.

சகலை வீட்டில் பீரோவை இறக்கும்போது அவர் தூரத்தில் நின்று, "பாத்து, பாத்து," என்றார். பார்த்தேன்.

மார்ச் 23, வியாழன்

பட்டை கழற்றியபின் எடுத்துவந்த ஈடு இன்று பொரிந்தது. வழக்கமான பாதி. ஒன்பது பட்டை இருந்தாலும் ஏழு பட்டை இருந்தாலும் குஞ்சுகள் கருத்தை மாற்றிக்கொள்வதாக இல்லை.

இன்றைய நடை கடைசி நடை. மெத்தை இல்லை, மாமியார் இல்லை, முட்டை மட்டும். குலுங்கியது.

மார்ச் 30, வியாழன்

வேன் போய் முட்டை எடுத்துவந்தது. சகலையே ஓட்டினார். "நீங்க எப்பத் தயார்னு சொல்லுங்கண்ணே, சாவி உங்களுதுதான்."

மெத்தை ஈடும் இன்றுதான் பொரிந்தது. எண்ணிக்கையை எழுத மாட்டேன்.

நாளெல்லாம் லாரியைக் கழுவினேன். விற்பதற்கு முன் கழுவுவார்கள்.

ஏப்ரல் 6, வியாழன்

என்ன நடக்கிறது என்று புரியவில்லை.

நான் செத்த ஈடு என்று முடிவு கட்டிய, பீரோவோடு வந்த ஈடு இன்று பொரிந்தது. நூற்றுக்கு எண்பத்தைந்து. மனைவி இருமுறை எண்ணினாள். அறை முழுக்கக் கீச்சுக் கீச்சு. பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

"அன்னிக்கு என்னங்க பண்ணீங்க?"

"உங்கம்மாவ ஏத்திக்கிட்டு வந்தேன்."

விஷயம் பரவிவிட்டது. நீதிபதி சொல்கிறார், புதுசாகக் கட்டிய பட்டை பழகுவதற்குக் கொஞ்ச நாள் ஆகும், இப்போது பழகிவிட்டது. மனைவி சொல்கிறாள், அந்த வாரம்தான் இன்குபேட்டரில் சூட்டை அளந்து வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றினாள். மாமியார் போனில் சொன்னார், தன் கைராசி. வேண்டுமானால் வாராவாரம் லாரியில் வரத் தயார்.

மூன்று பேருக்கும் புகழில் பங்கு உண்டு. ஓட்டியவனுக்கு மட்டும் இல்லை.

ஏப்ரல் 13, வியாழன்

பட்டை பழகவில்லை. தெர்மோஸ்டாட்டும் காரணம் இல்லை. மார்ச் 23-இல் எடுத்துவந்த ஈடு இன்று பழையபடி பாதி. அதே வண்டி, அதே ஏழு பட்டை, அதே மெஷின்.

மிச்சம் இருப்பது மாமியார்தான். நான் பகுத்தறிவு உள்ளவன். ஆனாலும் காலையில் ஒரு கணம் அவருக்குப் போன் செய்யக் கை போனது. இந்த லாரி என்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளத்தான் இதை எழுதி வைக்கிறேன்.

லாரி வாங்க ஒரு தரகர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

ஏப்ரல் 16, ஞாயிறு

தரகர் வந்தார். டயரை உதைத்தார். உதைத்தால் என்ன தெரியும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. யோசித்துச் சொல்வதாகப் போனார்.

ஏப்ரல் 20, வியாழன்

சகலையின் வேனில் ஒரு காற்றுப் பையில் காற்று நிற்கவில்லையாம். அதன் பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதி வைக்கிறேன்.

அந்த வேன் முதலில் எடுத்துவந்த ஈடு இன்று எண்பதுக்குமேல் பொரிந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். காற்றுப் பை பொய்யில்லை.

ஆக, வேறு வழியில்லாமல் மனைவி என் லாரியை அனுப்பினாள். திரும்பும் வழியில் பாலத்தில் வேலை நடக்கிறது. லாரிகளை எடை போட்டுத்தான் பாலத்தில் விடுகிறார்கள். வரிசையில் நின்று எடைமேடையில் ஏற்றினேன். கூண்டுக்குள் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே, தலையைத் தூக்காமல் கத்தினார்.

"காலி வண்டிய எதுக்குண்ணே வரிசைல நிறுத்தறீங்க? காலின்னா நேராப் போலாம்ல?"

"காலியில்லைங்க. கூரை வரைக்கும் முட்டை."

"இங்க காலின்னுதான் காட்டுது. எடுங்கண்ணே, பின்னால நிக்கறாங்க."

எடுத்தேன். பாலத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினேன். 

காலி லாரி குதிக்கும். லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. எனக்கும் தெரியும், நீதிபதிக்கும் தெரியும். ஆனால் கூரை வரை அட்டை அடுக்கிய வண்டியைக் காலி என்று யாருக்குத் தோன்றும்? முட்டையும் அட்டையும் இடத்தைத்தான் நிரப்பின. கல் சுமக்கச் செய்த பட்டை அதை ஒரு பாரமாகவே மதிக்கவில்லை, வளையவே இல்லை. வளையாத பட்டை இருந்தால் என்ன, இரும்புக் கட்டை இருந்தால் என்ன? சாலை கொடுத்த ஒவ்வொரு அடியையும் அப்படியே முட்டைக்கு அனுப்பியிருக்கிறது. நான் வேறு ஜாக்கியையும் சங்கிலியையும் இறக்கி வைத்து அதற்கு உதவியிருக்கிறேன்.

அன்றைக்குப் பீரோவும் பூந்தொட்டியும்தான் பட்டையை வளைய வைத்தன. மாமியாருக்கும் இதில் சிறு பங்கு உண்டு, எடை என்ற வகையில். இதை வேறெங்கும் சொல்ல முடியாது.

பாலத்து வேலைக்காகச் சாலையோரம் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். எதற்கு என்றார்.

"வண்டிக்கு கனம் பத்தல."

எட்டி லாரியின் உள்ளே பார்த்தார். பிறகு, கிழிந்த மூட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பைத்தியத்தோடு வாக்குவாதம் வேண்டாம் என்ற பண்பு. முட்டை வரிசைகளுக்கு நடுவே ஆள் நடக்கும் சந்து ஒன்று விட்டிருப்பேன். அதில், பின் அச்சுக்கு நேர் மேலே, தோள் கழன்று போகும்வரை அடுக்கினேன். பின்பக்கம் மெல்ல இறங்கியது.

மிச்ச வழியில் அட்டை உரசும் சத்தம் இல்லை. பின்கதவு திறந்து எல்லாம் விழுந்துவிட்டதோ என்று இருமுறை இறங்கிப் பார்த்தேன்.

பாலம் வரையில் குலுங்கியதுதான். ஆனால் பாலம் பண்ணைக்குப் பக்கம். மோசமான சாலையெல்லாம் அதற்கு இப்பால், வீட்டுப் பக்கம்.

ஏப்ரல் 24, திங்கள்

நீதிபதியிடம், பின் அச்சுக்கு மேல் வண்டித் தளத்தில் கனமான இரும்புத் தகடுகளை போல்ட் போட்டு முடுக்கச் சொன்னேன்.

"பாரம் தாங்கலன்னு எல்லாரும் வருவாங்க. பாரம் போதலன்னு வந்தது நீங்க ஒருத்தர்தாண்ணே."

முடுக்கினார். ஓட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, தான் இதை அப்போதே சொல்ல நினைத்ததாகச் சொன்னார்.

தரகர் போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

மே 4, வியாழன்

வேன் இன்னும் வரவில்லை. மூன்றாவது வாரமாக நான்தான் போகிறேன். மனைவி மணல், தகடு எல்லாவற்றையும் பார்த்தாள். "ம்" என்றாள். இந்த வருடம் நான் எத்தனை கண்டுபிடிப்புகளை அறிவித்திருக்கிறேன் என்று அவளுக்கு நினைவிருக்கும்.

காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. இதுவும் பொய்த்தால் சாவி கேட்கப் போக வேண்டியதுதான்.

மே 11, வியாழன்

மணல் மூட்டை ஈடு பொரிந்தது. எண்பத்தொன்று.

பொரியாதவற்றை மனைவி உடைக்க உட்கார்ந்தாள். நானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். முதலாவதை உடைத்தாள். உள்ளே ஏறக்குறைய முழுக் குஞ்சு, இறகோடு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் கேஸ் ஒன்றிரண்டுதான் இருந்தது.

"இது மெஷினு," என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வருடத்தில் நான் செய்த பெரிய காரியம் அதுதான்.

மே 17, புதன்

சகலையின் வேன் சரியாகி வந்துவிட்டது. முட்டைக்கு இனி லாரியே போதும் என்று மனைவி அவரிடம் சொல்லிவிட்டாள். இன்றைய பேப்பரில் விளம்பரம் கொடுத்திருக்கிறார். மனைவி காப்பி ஆற்றிக்கொண்டே படித்துக் காட்டினாள்.

"புதிய வேனுக்கு அனுபவமுள்ள ஓட்டுநர் தேவை. உறவினர்கள் அணுக வேண்டாம்."

முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் பக்கத்தைத் திருப்பினாள்.

மே 18, வியாழன்

கூடுதலாக முட்டை தர முடியுமா என்று பண்ணைக்காரரிடம் பேச வேண்டும் என்று அவளும் லாரியில் வந்தாள். குஞ்சு வாங்குபவர்களில் ஒருவர் திரும்பி வந்திருக்கிறார். திரும்பும்போது, அடுத்து வாங்கப் போகும் இன்குபேட்டர் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாலம் தாண்டியதும் பேச்சு நின்றது. கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன். தூங்கிவிட்டாள். அந்தச் சாலையில்.

வீடு வந்தது. இருமுறை கூப்பிட்டேன். எழுந்திருக்கவில்லை, குறட்டைதான் வந்தது.

முட்டையை நானே இறக்கினேன்.